சார்ஜ் எங்கே போகிறது

டிக் என்கிறது. இன்னொரு தடவை அழுத்துகிறேன். டிக். அதற்குமேல் ஒன்றுமில்லை. தூக்கத்தில் கூப்பிட்டால் ம் என்று முனகிவிட்டுப் புரண்டு படுக்கிற பிள்ளை மாதிரி, மீட்டருக்குள் இருக்கிற பச்சை விளக்கு ஒரு நொடி மங்கி, திரும்ப வந்து, சும்மா இருக்கிறது. இந்த மாடலுக்குக் கிக்கர் கிடையாது, செல்ஃப் மட்டும்தான். செல்ஃப் எடுக்கவில்லை என்றால் அத்தனை கிலோ இரும்பைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்க வேண்டியதுதான். வியாழக்கிழமைதான் மெக்கானிக் கடையில் பேட்டரியை மட்டும் கழற்றி ஒரு நாள் முழுக்க சார்ஜில் போட்டுக் கொடுத்தார்கள். பேட்டரியும் பழசில்லை, ஆடி முடிந்து மாற்றியது. அதற்குள் மூன்றாவது தடவை படுத்துக்கொண்டது. எங்கேயோ லீக் ஆகுதுங்க டீச்சர், ரெண்டு நாள் வண்டிய இங்க விட்ருங்க, பார்த்துடறேன் என்றார் மெக்கானிக். விடமாட்டேன். வண்டியை இன்னொருத்தர் பட்டறையில் இரண்டு நாள் விட்டுவிட்டுத் தூங்குகிற ஆள் இல்லை நான். ஞாயிற்றுக்கிழமை, வேப்பமரத்து நிழல் வாசல் முழுக்க விழுந்து கிடக்கிறது, வீட்டுக்காரர் சைக்கிளை எடுத்துக்கொண்டு அணைப்பக்கம் மீன் வாங்கப் போயிருக்கிறார், பள்ளிக்கூடத்து லேபிலிருந்து இரவல் வாங்கி வந்த மல்டிமீட்டர் கையில் இருக்கிறது. இதைவிட நல்ல காலை வேளை ஒருத்திக்கு வேறெங்கே கிடைக்கும். சீட்டைக் கழற்றும்போதே விசில் அடிக்க வருகிறது வாய்க்கு. பி.டி. டீச்சர் வாய், விசில் கழுத்தில் இல்லாத நாளிலும் குவிந்துகொள்ளும்.

சீட்டுக்கு அடியில் பேட்டரி அழகாக உட்கார்ந்திருக்கிறது. டெர்மினலில் வெள்ளைப் பொடி பூத்திருக்கும் என்று எதிர்பார்த்தேன், இல்லை. திருகு தளர்ந்திருக்கும் என்று பார்த்தேன், இறுக்கமாக இருக்கிறது. சிவப்பு ஒயரை ஒரு முனையில், கறுப்பை மறுமுனையில் வைத்ததும் மீட்டர் பதினொன்று புள்ளி ஏழு வோல்ட் காட்டுகிறது. பன்னிரண்டரைக்கு மேல் இருக்க வேண்டும் என்று இயற்பியல் டீச்சர் சொல்லி அனுப்பினார். ஆக, சார்ஜ் இல்லை, இது நிச்சயம். சார்ஜ் எங்கே போகிறது என்பதுதான் கேள்வி. மூன்றே வழிதான் உண்டு, பேட்டரியே பிடித்து வைக்காமல் இருக்கலாம், ஓடும்போது வண்டி அதற்குச் சரியாக ஊட்டாமல் இருக்கலாம், நிற்கும்போது ஏதோ ஒன்று ஒளிந்துகொண்டு குடிக்கலாம். பேட்டரியை மெக்கானிக் சோதித்துவிட்டார், நல்லா இருக்கு என்றார். மிச்சம் இரண்டு. திருகாணிகள் போட்டு வைத்த டப்பாவுக்குக் கை நீட்டுகிறேன், டப்பா கவிழ்ந்து அத்தனையும் சிமெண்டுத் தரையில் ஓடுகிறது. இடது பக்கம் இருந்தது. எப்போதும் இடது பக்கம்தான். காபி டம்ளர், சாம்பார்க் கரண்டி, போன வாரம் ஸ்டாஃப் ரூமில் யாரோ வைத்திருந்த பூந்தொட்டி. இருக்கிறது என்று தெரிந்தால் இருக்கிறது, தெரியாவிட்டால் அந்த இடத்தில் உலகமே இல்லை. இருட்டு என்றுகூடச் சொல்ல முடியாது, இருட்டாக இருந்தால் தெரியுமே. போன மாதம் மாவட்டப் போட்டிக்கு மீட்டிங் என்று சொல்லிவிட்டு சேலத்துக்குத் தனியாக பஸ் ஏறிப் போய்க் கண் டாக்டரைப் பார்த்தேன். சின்ன வயசு அம்மா அவர். ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். நானும் ஓட்டப்பந்தயத் துப்பாக்கிக்குக் காத்திருக்கிற மாதிரி காத்திருந்தேன், ரொம்ப நேரம் புள்ளியே வரவில்லை, மெஷின் ரிப்பேர் போல என்று நினைத்துக்கொண்டேன். மெஷின் ரிப்பேர் இல்லை. கண்ணுக்குள்ள அழுத்தம் ஜாஸ்தி, இடது கண்ணுல ஓரம் போயிருச்சு, போனது திரும்பாது, சொட்டு மருந்த விடாம போட்டா இருக்கறத அப்படியே காப்பாத்தலாம், ஆனா டிராஃபிக்ல வண்டி ஓட்டாதீங்க என்றார் அந்த அம்மா. திருகாணிகளைப் பொறுக்குகிறேன். நல்ல வெயில். நல்ல வெயிலில் அதை நினைப்பானேன்.

மருந்தை பீரோவில் சேலைகளுக்கு நடுவே வைத்திருக்கிறேன். வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும், ஒன்றும் ஆகாது, பேசாமல் கடையைப் பூட்டிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வார், அதுதான் தாங்காது. சிங்காரவேலு என்று பெயர், சிங்காரம் பிரேம் ஒர்க்ஸ் என்று பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் படத்துக்குக் கண்ணாடி போடுகிற கடை. கல்யாணமான புதிதில் இந்த ஊரே எங்களை வேடிக்கை பார்த்தது. பெண்டாட்டி முன்னால் உட்கார்ந்து பைக் ஓட்ட, புருஷன் பின்னால் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் ஒரு பெரிய சாமி படத்தைப் பிடித்துக்கொண்டு வருவார். என்ன சிங்காரம், ஊர்வலமா என்பார்கள். ஆமா, நானும் சாமியும் வர்றோம், ஓட்டுறது என் சம்சாரம் என்பார், கொஞ்சமும் கூச்சமில்லாமல். கத்துக்கோங்களேன் என்று நான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். எனக்கு சைக்கிள் வேகம் போதும் இந்திராணி, அதுக்கு மேல போனா கண்ணாடி உடையற மாதிரியே காதுல கேக்குது என்பார். நான் தடை தாண்டி ஓடியவள், மாநில அளவில் ஓடியவள், எனக்கு வேகம் என்றால் சோறு. வண்டி ஓட்டாதீங்க என்று அந்த டாக்டரம்மா எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார். அன்றைக்கு சேலத்திலிருந்து திரும்பும்போது பஸ் ஜன்னலில் தலை சாய்த்து ஒரு கணக்குப் போட்டேன், பள்ளிக்கூடம் தெருக்கோடியில்தான், நடந்தே போகலாம், ஞாயிற்றுக்கிழமை மட்டும்தானே வண்டி, ஏதாவது சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டால் யாருக்கும் தெரியாது. சாக்கு நானே தேட வேண்டியதில்லாமல் பேட்டரி வந்து சேர்ந்தது. வண்டி எடுக்கலைங்க என்று முதல் ஞாயிறு சொன்னபோது எனக்குள் ஒரு நிம்மதி வந்ததை மறைக்க முடியாது. அப்படியானால் ஏன் இப்படி ஸ்பேனரும் கையுமாக உட்கார்ந்திருக்கிறேன்? சரியாகிவிட்டால் சாக்குப் போய்விடும் இல்லையா? தெரியவில்லை. கெட்டுப்போனதைக் கெட்டபடியே விட எனக்குக் கை வராது.

ஓடும்போது ஊட்டுகிறதா என்று பார்க்க இஞ்சின் ஓட வேண்டும். எங்கள் தெரு அணைப்பக்கமிருந்து இறங்குகிற சரிவு, அது ஒரு பாக்கியம். வண்டியை வாசலுக்கு வெளியே கொண்டுவந்து, சீட்டைச் சும்மா மேலே வைத்து உட்கார்ந்து, இரண்டாவது கியர் போட்டு, கிளட்சைப் பிடித்து உருளவிட்டு, வேகம் பிடித்ததும் பட்டென்று விடுகிறேன். ஒரு குலுங்கு குலுங்கி, இருமி, பிடித்துக்கொள்கிறது. ஆகா. அந்தச் சத்தம் தொடையில் ஏறி வயிற்றுக்கு வருகிற சந்தோஷத்தை எந்த டாக்டரிடம் சொல்வது. தெரு காலியாக இருக்கிறது, இந்தக் கொஞ்ச தூரத்துக்கு ஒன்றும் ஆகாது என்று மெதுவாகத் திரும்பி மேலே வருகிறேன். வரும்போது பழக்கத்தில் இடது கண்ணாடியைப் பார்த்தேன், பார்த்ததும் சந்தோஷம் அப்படியே நின்றுபோனது. கண்ணாடியில் ரோடு இல்லை. என் முழங்கையும் கொஞ்சம் பெட்ரோல் டாங்கும்தான் இருக்கின்றன. பின்னால் வருகிற ரோடு, வீடுகள், மரம் ஒன்றும் இல்லை. போன ஞாயிறு வண்டியில் உட்கார்ந்து செல்ஃபை அமுக்கிப் பார்த்தபோதும் இப்படித்தான் இருந்தது. ஓரம் போயிற்று, இப்போது நடுவும் போகிறதா? சொட்டு மருந்து ஒரு நாள் விட்டேனே, பள்ளிக்கூட ஆண்டு விழா அன்றைக்கு, அந்த ஒரு நாளில் போயிற்றா? வாசலில் வண்டியை நிறுத்தி, இஞ்சினை அணைக்காமல் மீட்டரை வைக்கிறேன். பதின்மூன்று. ஆக்ஸிலேட்டரைத் திருகினால் பதினாலைத் தாண்டுகிறது. வண்டி ஒழுங்காகத்தான் ஊட்டுகிறது. அந்தக் கவலை தீர்ந்தது. இந்தக் கவலை?

ஒளிந்து குடிப்பவனைப் பிடிக்க வேண்டும், அதில் மனசைச் செலுத்து இந்திராணி. இஞ்சினை அணைத்து, சாவியை எடுத்து, பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, ஒயருக்கும் பேட்டரிக்கும் நடுவில் மீட்டரை வைக்க வேண்டும். சாவி இல்லாதபோதும் ஏதாவது ஓடினால் இதில் காட்டிக்கொடுக்கும். எனக்கு முதல் சந்தேகம் பிரேக் லைட் ஸ்விட்ச் மேல், சிக்கிக்கொண்டு எரிந்துகொண்டே இருக்குமாம். பின்விளக்கின் சிவப்புக் கண்ணாடி மேல் உள்ளங்கையைக் குவித்துப் பார்த்தேன், எரியவில்லை. இரண்டாவது சந்தேகம் செல்போன் சார்ஜ் பண்ணுகிற சாக்கெட், மெக்கானிக் கடைப் பையன் வைத்துக் கொடுத்தது, அதை முழுசாகப் பிடுங்கி வைத்தேன். மீட்டரைப் பார்க்கத் தலையை இடது பக்கம் முழுக்கத் திருப்ப வேண்டியிருக்கிறது, கோழி மாதிரி. பூஜ்யம். நம்பாமல் ஒயரை அசைத்துப் பார்க்கிறேன். பூஜ்யம். சாக்கெட்டைத் திரும்பச் செருகினாலும் பூஜ்யத்துக்குப் பக்கத்தில்தான். எதுவும் கசியவில்லை. பேட்டரி நல்ல பேட்டரி, ஊட்டுவது நல்ல ஊட்டு, நிற்கும்போது குடிக்க யாரும் இல்லை, ஆனால் சார்ஜ் இல்லை. பரீட்சையில் எல்லா விடையும் சரி, மொத்த மதிப்பெண் மட்டும் தப்பு என்கிற மாதிரி. நான் கால்களை நீட்டித் தரையில் உட்கார்ந்து சிரித்தேன். கோபம் வரவேண்டிய இடத்தில் எனக்குச் சிரிப்பு வரும், பிறவிக் கோளாறு. பக்கத்து வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஷாஹிதா எட்டிப் பார்த்து, என்னக்கா ஆச்சு என்றாள். நர்ஸ் வேலை, மூன்று நாள் பகல், மூன்று நாள் ராத்திரி என்று ஸ்கூட்டரில் போய்வருகிற பெண். வண்டில எல்லாம் சரியா இருக்கு ஷாஹிதா, ஆனா யாரோ சார்ஜ எடுத்துட்டுப் போறாங்க என்றேன். அவள் கையிலிருந்த துணி கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தவள் ரொம்ப நேரம் நிமிரவில்லை.

எல்லாவற்றையும் மாட்டிவிட்டு வண்டி மேல் ஏறி உட்கார்ந்தேன். பயத்தோடு உட்கார்ந்திருப்பதைவிட அதன் முகத்தைப் பார்த்துவிடலாம். இடது கண்ணாடி, என் முழங்கை, டாங்கு. சரி. நல்ல கண் எனக்கு வலது கண், அதில் ஒரு குறையும் இல்லை என்று டாக்டரம்மாவே சொன்னார். இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு வலது கண்ணாடியைப் பார்க்கிறேன். என் முழங்கை, டாங்கு. நல்ல கண்ணும் அதையே பார்க்கிறது! மூடிய கையை எடுக்காமல் அப்படியே இருந்தேன். கண் இல்லை. கண் இல்லை. கண்ணாடி. கண்ணாடியைத்தான் யாரோ கீழே திருப்பி வைத்திருக்கிறார்கள், இரண்டையும். ஒரு வாரமாக ராத்திரியும் பகலும் இதற்காகவா நிம்மதியில்லாமல் திரிந்தேன், கை நீட்டித் தொட்டுப் பார்க்காமல், பயந்தவளுக்குத் தன் கண்தான் முதல் குற்றவாளி போல. சிரிப்பும் அழுகையும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு வருகின்றன. திருப்பி வைத்தது யார்? உடம்பைத் தாழ்த்திப் பார்க்கிறேன். இன்னும் கொஞ்சம். தோளைக் குறுக்கி, கழுத்தை உள்ளே இழுத்து, இன்னும் கொஞ்சம் தாழ்த்தியதும் இரண்டு கண்ணாடியிலும் ரோடு பளிச்சென்று வந்து நிற்கிறது, வேப்பமரம், ஷாஹிதா வீட்டுக் கேட், சரிவு முழுக்க. இந்த உயரத்தில் கண் இருக்கிற ஆள். எனக்கு இந்த உயரம் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து இந்தத் தலை என் தோளுக்குப் பின்னால் வந்துகொண்டிருக்கிறது, ஸ்பீட் பிரேக்கரில் அதன் நெற்றி என் தோள்பட்டையில் சரியாக எந்த இடத்தில் இடிக்கும் என்று தெரியும். மதியம் கடையைச் சாத்திவிட்டுச் சாப்பிட வருவார், நான் பள்ளிக்கூடத்தில் இருப்பேன், சாவி ஃபிரிட்ஜ் பக்கத்து ஆணியில் தொங்கும், வீட்டுக்குப் பின்னால் ஆள் குடியில்லாத பழைய அரசு குவார்ட்டர்ஸ் மைதானம். மைதானத்துக்குள்ளேயே ஓட்டினால் எவ்வளவு தூரம் போய்விட முடியும்? புதிதாகப் பழகுகிறவர் கிளட்சை விடுவார், வண்டி அணைந்துபோகும், செல்ஃபை அமுக்குவார், விடுவார், அணையும், அமுக்குவார். ஒவ்வொரு அமுக்கலுக்கும் பேட்டரி ஒரு வாய் கொடுக்கும், திருப்பி நிரப்பிக்கொள்ளும் அளவுக்கு வண்டி ஒரு தடவையும் ஓடாது. எல்லா விடையும் சரி. மொத்தமும் சரி. சைக்கிள் மணிச் சத்தம் கேட்டது.

இவர் மீன் பையைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு வந்து இறங்கினார். நான் குனிந்து உட்கார்ந்திருக்கிற கோலத்தைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார். சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடுவதற்கு அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. மதியத்தில் வண்டியை ஓட்டுவது யாருங்க என்று கேட்டேன். குரலைக் கடுமையாக வைத்துக்கொள்ளப் பார்த்தேன், வரவில்லை.

"ஓட்டறதுன்னு சொல்ல முடியாது" என்றார். "ஸ்டார்ட் பண்ணுவேன். நின்னுரும்."

ஷாஹிதா மாடியிலிருந்தே, இப்பல்லாம் நல்லா ஓட்டறாருக்கா, மூணாவது கியர் வரைக்கும் போறாரு என்றாள். நைட் டூட்டி நாட்களில் மதியம் இவள்தான் சொல்லிக் கொடுத்தாளாம். டீச்சர்கிட்ட சொல்ல வேண்டாம் என்று இவர் கேட்டுக்கொண்டாராம். கண்ணாடி உடைகிற சத்தம் காதில் கேட்கவில்லையா என்று இவரிடம் கேட்டேன். கேட்கிறது, முதல் ஒரு வாரம் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு ஓட்டினேன் என்றார். பஞ்சு! என் புருஷன் காதில் பஞ்சோடு மைதானத்தைச் சுற்றுகிற காட்சியை நான் பார்க்காமல் போனேனே. அதற்குப் பிறகுதான் கேட்க வேண்டியதைக் கேட்டேன், ஏன் என்று. இவர் மீன் பையை மதில்மேல் வைத்தார். வந்து என் இடது பக்கம் நின்றார், நின்றவர், என்ன நினைத்தாரோ, சுற்றி வலது பக்கமாக வந்தார்.

"நீ ரோடு தாண்டும்போது இப்ப தலைய முழுசாத் திருப்பித்தான் பார்க்கற. எடது பக்கம் வெச்சதெல்லாம் தட்டி விடற. தானா சொல்லுவன்னு இருந்தேன். நீ சொல்றதுக்குள்ள கத்துக்கிட்டா நல்லாருக்குமேன்னு நெனைச்சேன்."

இவ்வளவுதான் பேசினார். நான் வண்டியின் டாங்கை முந்தானையால் துடைத்தேன், துடைக்க ஒன்றுமில்லை அங்கே. ஒரு மாதமாகச் சேலைகளுக்கு நடுவே ஒளித்து வைத்திருந்த சின்னப் பாட்டில் ஒன்று நெஞ்சிலிருந்து இறங்கிப் போன மாதிரி இருந்தது. பேட்டரிக்கு என்ன வைத்தியம் என்று இவரே கேட்டார். நிறுத்தாமல் ஒரு மணி நேரமாவது ஓட்ட வேண்டும், அவ்வளவுதான், வேறு வைத்தியமில்லை என்றேன். ஓட்டுவது யார் என்று இரண்டு பேரும் கேட்டுக்கொள்ளவில்லை. நான் இறங்கினேன். அவர் ஏறினார்.

செல்ஃப் எடுக்காது, தள்ளித்தான் ஆக வேண்டும். இரண்டாவது கியர், கிளட்சைப் பிடிங்க, நான் விடுங்கன்னு சொல்றப்ப விடுங்க, பிடித்துக்கொண்டால் எக்காரணத்தைக் கொண்டும் நிறுத்தக் கூடாது என்று பாடம் நடத்திவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிப் பின்னால் கை கொடுத்துத் தள்ளுகிறேன். சரிவு. சக்கரம் உருளுகிறது. நடை ஓட்டமாகிறது. செருப்பு எங்கேயோ போயிற்று, வெறுங்காலுக்கு ரோடு சுடுகிறது, ஸ்டார்ட்டிங் லைனில் நிற்கிற பிள்ளைகளுக்குச் சொல்வதுபோலத் தலையைத் தாழ்த்து, முழங்காலைத் தூக்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். விடுங்க! விட்டார். வண்டி குலுங்கி, இருமி, பிடித்துக்கொண்டது. பிடித்துக்கொண்டது, போகிறது, நிறுத்தக் கூடாது என்று நான் சொன்னதை அட்சரம் பிசகாமல் கேட்டு நிறுத்தாமல் போகிறது, நான் இங்கே நிற்கிறேன். ஏங்க! மெதுவா! மெதுவா என்றால் எப்படி என்று அவருக்கு இன்னும் பாடம் ஆகவில்லை போல. ஷாஹிதா மாடிச் சுவரில் வயிற்றை வைத்துச் சாய்ந்து கத்துகிறாள், ஓடுங்கக்கா, மீன நான் பார்த்துக்கறேன். ஓடுகிறேன். எத்தனை வருஷமாயிற்று இப்படி ஓடி, பிள்ளைகளை ஓட விட்டு விசில் அடித்தே காலம் போயிற்று, நுரையீரல் எரிகிறது, நன்றாக இருக்கிறது, அவருடைய நீலச் சட்டை முதுகு கைக்கெட்டுகிற தூரத்தில் வருகிறது, வலது பக்கமாக வந்து அவர் தோளைப் பிடித்து, ஒரு எட்டு, இன்னொரு எட்டு, தடை தாண்டுகிறபோது காலைத் தூக்கி வீசுவோமே அதே வீச்சில் ஏறி உட்கார்ந்தேன். வண்டி இரண்டு பக்கமும் ஆடியது. அவர் உடம்பெல்லாம் விறைத்துக்கொண்டு முன்னால் பார்த்தார். மூணாவது போடுங்க என்றேன் காதில். போட்டார், கொஞ்சம் கரகரத்தது, விழுந்தது.

சரிவு முடிந்து கால்வாய் ரோடு வந்ததும் காற்று மாறியது, தண்ணீர் வாசனை. பின்னால் உட்காருவது இப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. முன்னால் இருக்கிறவள் ரோட்டை மட்டும்தான் பார்ப்பாள், பின்னால் இருப்பவளுக்குத் தலையை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் திருப்பிக்கொள்ளலாம். இடது பக்கம் முழுக்கத் திரும்பிக்கொண்டேன். கால்வாய் நெடுக இத்தனை கொக்கா? இந்த மரத்துக்கு அடியில் ஒரு பிள்ளையார் இருக்கிறாரா? அவர் முதுகோடு சாய்ந்துகொண்டு சேலம் போனதைச் சொன்னேன், வெள்ளைக் கிண்ணத்தைச் சொன்னேன், மருந்து எந்தச் சேலைக்கு அடியில் இருக்கிறது என்பதைக்கூடச் சொன்னேன். காற்றில் பாதி போயிருக்கும். ம், ம் என்றார். கை இரண்டும் வேலையாக இருந்ததால் அவரால் அதற்குமேல் ஒன்றும் செய்ய முடியவில்லை, அதுவே எனக்கு வசதியாக இருந்தது. தினம் ராத்திரி மருந்தை நானே விடறேன், எனக்குக் கை நடுங்காது என்றார் பிறகு. கண்ணாடி அறுக்கிற கை. நடுங்காதுதான்.

பாலத்துக்கு முன்னால் ரோடு இரண்டாகப் பிரிகிறது. எந்தப் பக்கம் என்று கேட்டார். திரும்பிப் பார்க்கவில்லை, பார்க்கிற அளவுக்கு இன்னும் பழகவில்லை. சார்ஜ் ஏற இன்னும் நேரம் இருக்கிறது, பேட்டரி கேட்கிறதைவிட எனக்குத்தான் அதிக நேரம் வேண்டியிருக்கிறது.

"எடது பக்கம் போங்க" என்றேன்.